தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு பிஸ்டல் மேகசின்: எந்த நாட்டுடையது?

களக்காட்டுப் பேரன்

எல்லோருக்கும் வணக்கம். களக்காட்டில் எங்கள் பழைய வீட்டைப் பிரித்துக் கட்டப் போகிறோம். தார்சாவுக்கு மேல் பரணில் கிடந்த தாத்தாவின் டிரங்குப் பெட்டியைப் போன ஞாயிற்றுக்கிழமை இறக்கினோம். மேலே அவருடைய கம்பளிக் கோட்டு, அதற்குக் கீழே நிலப் பத்திரங்கள், இரண்டு மெடல். எல்லாவற்றுக்கும் அடியில் பழைய வேட்டித் துணியில் சுற்றி ஒரு சின்னக் கான்வாஸ் பை இருந்தது. பைக்குள் இரண்டு அறை. ஒன்று காலி. இன்னொன்றில் ஓர் இரும்புச் சாமான்.

பார்த்ததுமே என் மச்சான், "இது தோட்டாவை அடுக்கி பிஸ்டல் கைப்பிடிக்குள் செருகுகிற மேகசின்" என்று சொல்லிவிட்டார். அவர் போலீஸ் தேர்வுக்குப் படித்தவர். வீடு முழுக்கத் தேடிவிட்டோம், துப்பாக்கி கிடையாது. மேகசினுக்குள் தோட்டாவும் இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். தோட்டாவைத் தள்ளுகிற தட்டு மேலேயே நிற்கிறது, பக்கத்துத் துளை வழியாக ஸ்பிரிங் மட்டும் தெரிகிறது.

ஸ்கேல் வைத்து அளந்தேன். உயரம் சுமார் 12 சென்டிமீட்டர், முன்பின் மூன்றரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் உள்ளே, அகலம் 14 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் உள்ளே. நிறம் கருநீலம், அங்கங்கே பழுப்புத் துரு. இரண்டு பக்கமும் வரிசையாக வட்டத் துளைகள். ஒரு பக்கத்தில் முன் ஓரத்தை ஒட்டி ஒரு சின்னச் செவ்வக வெட்டு. அடியில் தட்டையான தகடு. அதன் முன் நுனி உதடு மாதிரி கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. தகட்டுக்கு மேலே பக்கவாட்டில் இரண்டு குண்டூசித் தலை அளவுப் புள்ளிகள். அந்த முன் நுனியில் துருவுக்குள் ஓர் எழுத்து இருக்கிற மாதிரி இருக்கிறது, படிக்க முடியவில்லை.

தாத்தா 1942 இல் பட்டாளத்தில் சேர்ந்தார். பயோனியர் கம்பெனி, பட்டாளத்துக்கு ரோடு, மண்வேலை பார்க்கிற பிரிவு. அசாம் மலையில் ரோடு போட்டதாக ஆச்சியிடம் சொல்லியிருக்கிறார். கூட இருந்தவர்களில் அமெரிக்கக் கறுப்புப் பட்டாளக்காரர்கள் நிறையப் பேர் என்றும், மலையையே தள்ளுகிற வண்டிகளை அவர்கள் ஓட்டியதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றதாகவும் சொல்வாராம். 46 இல் ஊர் திரும்பிவிட்டார். ஆச்சிக்கு இப்போது 93 வயது. "அது ஜப்பான்காரன்கிட்ட இருந்து பிடுங்கினதுல்லா" என்கிறாள். சித்தப்பா, "வாஞ்சிநாதன் வைத்திருந்தாரே, அந்த மாதிரித் துப்பாக்கியோடது" என்கிறார்.

இது எந்த நாட்டுடையது? சுத்தம் பண்ணலாமா? வீட்டில் வைத்துக்கொள்ளலாமா? இதைக் கையில் எடுத்ததிலிருந்து இந்த மாதிரிப் பழைய ராணுவச் சாமான்களைச் சேர்க்க வேண்டும் என்று ஆசையும் வந்துவிட்டது. எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டவுண் பழம்பொருள்

துருதானே? புளியும் உப்பும் கரைத்து ஒரு ராத்திரி ஊறவையுங்கள். காலையில் 400 நம்பர் உப்புத்தாள் போட்டு இழுத்தால் கண்ணாடி மாதிரி வந்துவிடும், எழுத்தும் பளிச்சென்று தெரியும். என் கடைக்கு வருகிற பித்தளைச் சாமானுக்கெல்லாம் இதுதான் வைத்தியம்.

வள்ளியூர் ஆர்மரர்

தம்பி, முதல் காரியம்: புளியும் வேண்டாம், உப்புத்தாளும் வேண்டாம். டவுண் தம்பி தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குத்துவிளக்குக்கு நீங்கள் சொன்னது சரி. இரும்பில் கருநீலப் பூச்சுப் போட்ட சாமானுக்கு அது கொள்ளி வைக்கிற மாதிரி.

நான் ராணுவத்தில் 24 வருஷம் ஆர்மரர் வேலை பார்த்தேன். 1980 இல் சேர்ந்தேன். துப்பாக்கி பழுது பார்ப்பதுதான் பிழைப்பு. சேர்ந்த மூன்றாவது வருஷம் ஒரு மெஸ்ஸில் கண்ணாடி அலமாரிக்குள் வைத்திருந்த பழைய பிடிபட்ட ஆயுதங்களுக்கு எண்ணெய் போடச் சொன்னார்கள். அதில் ஒரு ஜெர்மன் லூகர் பிஸ்டலும் அதன் மேகசினும் இருந்தன. முதல் உலகப் போர் காலத்துச் சாமான். மேகசின் உடல் நிக்கல் பூச்சு, அடிக்கட்டை மரம். அந்த மரம் கை அழுக்கு ஏறிக் கறுத்துக் கிடந்தது. அழுக்கு என்று நினைத்து உப்புத்தாள் போட்டேன். மரம் புதுசு மாதிரி ஆனது. ஹவில்தார் வந்து அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அந்த மரத்தில் துப்பாக்கியின் எண்ணைக் குத்தியிருந்தார்களாம். லூகரை இரண்டு மேகசினோடு கொடுப்பார்கள். இரண்டிலும் துப்பாக்கி எண் இருக்கும், இரண்டாவதில் எண்ணோடு ஒரு கூட்டல் குறியும் இருக்கும். "இது அந்தத் துப்பாக்கியோடு பிறந்தது என்று சொல்ல அந்த நம்பர் ஒன்றுதான் இருந்தது, இனி யார் சொல்வார்?" என்று மட்டும் கேட்டார். 40 வருஷத்துக்கு மேல் ஆகிறது, எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இப்போது உங்கள் சாமானுக்கு வருவோம். நீங்கள் அளந்து எழுதியது ரொம்ப நல்ல காரியம், பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது.

அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் இந்தியப் படையில் அதிகாரிகள் இடுப்பில் இருந்தது பெரும்பாலும் ரிவால்வர். என்ஃபீல்டு அல்லது வெப்ளி. சக்கரத்தில் ஆறு தோட்டா. ரிவால்வருக்கு மேகசினே கிடையாது. ஆகையால் அந்தப் போரிலிருந்து நம் ஊர் வீட்டுக்கு ஒரு பிஸ்டல் மேகசின் வந்திருக்கிறது என்றால், பெரும்பாலும் அது வேறொரு நாட்டுப் படையிடமிருந்து வந்திருக்கும்.

அடுத்து அந்தச் செவ்வக வெட்டு. மேகசினைத் துப்பாக்கிக்குள் பிடித்து வைக்கிற கொக்கி மாட்டுகிற இடம் அது. சில துப்பாக்கிகளில் கொக்கி கைப்பிடியின் அடியில், குதிகால் பக்கம் இருக்கும். ஜெர்மன் வால்தர் பி 38, இத்தாலி பெரெட்டா 1934 எல்லாம் அப்படி. அவற்றின் மேகசினில் பக்கவாட்டு வெட்டு இருக்காது. உங்களுடையதில் பக்கத்தில் வெட்டு இருக்கிறது. அப்படியானால் கட்டைவிரலால் பொத்தானை அழுத்தினால் மேகசின் கீழே விழுகிற வகை. கோல்ட், லூகர், ஜப்பானிய நம்பு, ரஷ்ய டொக்கரேவ், பிரவுனிங் ஹை பவர், இவை எல்லாம் அந்தக் கூட்டம்.

இதில் ஹை பவர் இல்லை. அந்த மேகசினை நான் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன். நம் ராணுவத்தின் 9 மில்லி 1ஏ பிஸ்டல் அதன் வழியில் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்தது. நான் பழுது பார்த்ததில் பாதி அதுதான். 13 தோட்டா இரண்டு வரிசையாக நெளிந்து அடங்கும், உடல் தடிமனாக இருக்கும். லூகரும் இல்லை: லூகரின் கைப்பிடி ரொம்பச் சாய்ந்தது, அதனால் மேகசினின் அடியும் சாய்வாக வெட்டியது போல இருக்கும். நம்பு பிஸ்டலின் தோட்டா 8 மில்லி. அதன் மேகசின் உங்களுடையதைவிட ஒல்லி, முந்திச் செய்தவை நிக்கல் பூச்சில் வெள்ளையாக மின்னும். ஆச்சி சொன்னால் மரியாதையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும், ஆனால் இது ஜப்பான்காரனுடையது இல்லை.

14 மில்லிக்குச் சற்றுக் குறைந்த அகலத்தில் ஒரே வரிசையாக அடங்குகிற தோட்டா என்றால் அது தடித்த தோட்டா, .45 அங்குலம். குண்டு மட்டுமே 11 மில்லிக்கு மேல் பருமன். இரு பக்கத் துளைகள், அடியில் தட்டையான தகடு, அதைப் பிடித்திருக்கிற இரண்டு ஊசிகள் (நீங்கள் புள்ளி என்று எழுதியது அதைத்தான்), முன்னால் நீட்டிய உதடு. எல்லாம் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. இது அமெரிக்க ராணுவத்தின் கோல்ட் 1911 வகைப் பிஸ்டலின் மேகசின். 7 தோட்டா பிடிக்கும்.

தாத்தா அசாமில் ரோடு போட்டார் என்றீர்களே, அது லெடோ சாலையாகத்தான் இருக்கும். அமெரிக்கப் பொறியாளர் படை 1942 டிசம்பரில் லெடோவிலிருந்து பர்மா பக்கம் வெட்ட ஆரம்பித்த சாலை. அங்கே வேலை பார்த்த அமெரிக்கச் சிப்பாய்களில் பாதிக்கு மேல் கறுப்பர்கள். 1945 ஜனவரியில் லெடோவிலிருந்து கிளம்பிய முதல் லாரி வரிசை பிப்ரவரி 4 அன்று சீனாவின் குன்மிங் போய்ச் சேர்ந்தது. நம் பக்கத்துப் பயோனியர் ஆட்கள் மண்ணும் கல்லும் சுமந்த இடம் அது. தாத்தா சொன்ன மண் தள்ளும் வண்டியும் இந்த மேகசினும் ஒரே முகாமிலிருந்து வந்தவை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சித்தப்பா சொன்னதையும் ஒதுக்கிவிட மாட்டேன். மணியாச்சியில் 1911 ஜூன் 17 அன்று வாஞ்சி கலெக்டர் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் பிஸ்டலால். உங்கள் மேகசின் அதனுடையது இல்லை. ஆனால் அதை வடிவமைத்த ஜான் பிரவுனிங் என்ற அமெரிக்கர்தான் இந்தக் கோல்ட் பிஸ்டலையும் வடிவமைத்தவர். அமெரிக்க ராணுவம் இதை ஏற்றுக்கொண்டது அதே 1911 இல், மார்ச் 29 ஆம் தேதி. மணியாச்சிக்கு மூன்று மாதம் கூட முன்னால் இல்லை. நான் காலமெல்லாம் கழற்றி மாட்டிய ஹை பவருக்கும் அடி போட்டது அவர்தான்; அதை முடிக்கும் முன்னே 1926 இல் இறந்துபோனார், பெல்ஜியத்துக்காரர் ஒருவர் முடித்தார். ஒரு மனுஷன் மூளையில் உதித்த சாமான்கள் மணியாச்சிக்கும் உங்கள் களக்காட்டுப் பரணுக்கும் என் வேலைமேசைக்கும் வந்து சேர்ந்திருக்கின்றன. இதை நினைத்தால் எனக்கு ராத்திரி தூக்கம் வராது.

இப்போது அந்த எழுத்து. அதுதான் இதன் ஜாதகம். போர்க்காலத்தில் துப்பாக்கி செய்த கம்பெனிகள் மேகசினை வெளியே கொடுத்துச் செய்து வாங்கினார்கள். செய்தவர் அடித்தகட்டின் முன் நுனியில் ஆங்கில எழுத்து ஒன்றைக் குத்தினார். எஸ் என்றால் ஸ்கோவில். தலைமுறை தலைமுறையாகப் பித்தளைப் பொத்தான் செய்த கம்பெனி. ஆர் என்றால் ரிஸ்டன். எல் என்றால் எம்.எஸ். லிட்டில். ஜி என்றால் ஜெனரல் ஷேவர். ரெமிங்டன் ராண்டு கம்பெனியின் மின்சார ஷேவர் பிரிவு. முகம் மழிக்கிற மிஷின் செய்த பட்டறை மேகசின் அடித்துக் கொடுத்தது. சி என்ற எழுத்தோடு சேர்ந்து எஸ் அல்லது ஆர் வந்தால் அது கோல்ட் கம்பெனிக்காகச் செய்தது.

துருவைச் சுரண்டாமல் அதைப் படிக்க வழி இருக்கிறது. நீங்கள் சின்ன வயதில் நாணயத்தின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்திருப்பீர்கள். அதேதான். பலகாரக் கடையில் தருகிற மெல்லிய பட்டர் பேப்பர் ஒரு துண்டு, 4பி பென்சில் ஒன்று. தாளை நுனியில் வைத்து இரண்டு பக்கமும் டேப் போட்டு அசையாமல் நிறுத்துங்கள். பென்சிலைப் படுக்க வைத்து ஒரே திசையில் மெதுவாக இழுங்கள். அழுத்தக் கூடாது. முதல் தடவை துருதான் வரும். தாளை மாற்றி, பென்சில் திசையை மாற்றி, நாலைந்து படி எடுங்கள். எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் துரு ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரி இருக்கும், எழுத்து மட்டும் எல்லாவற்றிலும் அதே இடத்தில் நிற்கும்.

என் சேகரிப்பே இதுதான். என்னிடம் ஒரு மேகசின்கூடக் கிடையாது. நாலு நோட்டு நிறையப் படி இருக்கிறது. சின்ன வயதில் எங்கள் ஊர்க் கோயிலுக்குத் தொல்லியல்காரர்கள் வந்து, நனைத்த தாளைக் கல்வெட்டின் மேல் ஒட்டி மைப்படி எடுத்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கல்லைத் தூக்கிக்கொண்டா போனார்கள்? எழுத்தைத்தான் கொண்டு போனார்கள். அந்த லூகர் மரத்துக்கு நான் செய்த பாவத்துக்குப் பிறகு, கைக்கு வந்த ஒவ்வொன்றுக்கும் மேலதிகாரியிடம் கேட்டு இப்படி ஒரு படி எடுத்து, அளவு, பூச்சு, அடி எப்படிப் பிடித்திருக்கிறது என்று எழுதி வைத்தேன்.

பாதுகாப்புக்கு: மேகசினை அந்தக் கான்வாஸ் பைக்குள் திரும்பப் போடாதீர்கள். துணி ஈரத்தைப் பிடித்து வைத்து இரும்பைத் தின்னும். தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு, மெல்லிய துணியில். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், நாளாக நாளாகக் கெட்டுப் பிசுபிசுத்துவிடும். தட்டை அழுத்திப் பார்ப்பது, அடியைக் கழற்றுவது எதுவும் வேண்டாம். சட்டம் பற்றி நான் பேசுவது முறையில்லை, நம் வக்கீல் தம்பி பார்த்தால் எழுதட்டும்.

பாளை வக்கீல்

அண்ணாச்சி கூப்பிட்டதால் எழுதுகிறேன்.

1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 2 ஆம் பிரிவு துப்பாக்கி என்ற சொல்லுக்குள் துப்பாக்கியின் பாகங்களையும் சேர்த்திருக்கிறது. 3 ஆம் பிரிவு, உரிமம் இல்லாமல் வைத்திருக்கக் கூடாது என்கிறது. அப்படியானால் வெறும் மேகசினும் விளையாட்டு இல்லை.

இன்னொரு பக்கம் 45 ஆம் பிரிவு சில விலக்குகள் தருகிறது. பழுது பார்த்தாலும் சுட முடியாத, வழக்கொழிந்த அல்லது பழம்பொருள் மதிப்புள்ள ஆயுதம் ஒன்று. வேறு பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கம் இல்லாமல் வைத்திருக்கிற சிறு பாகங்கள் இன்னொன்று. இதைப் படித்துவிட்டு "எனக்கு விலக்கு இருக்கிறது" என்று வீட்டில் வைத்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த முடிவை நீங்களே எடுக்கக் கூடாது. இந்த வகைப் பிஸ்டல் உலகத்தில் இன்றைக்கும் சுடுகிறது, இந்த மேகசின் அதில் பொருந்தும். வழக்கொழிந்தது என்று வாதாடுவது லேசு இல்லை. ஸ்பிரிங் போட்ட முழு மேகசின் சிறு பாகமா என்ற கேள்விக்கு நீதிமன்றத்தில் நின்று பதில் சொல்கிற நிலைக்கு உங்கள் குடும்பம் போக வேண்டாம்.

எழுத்தில் கொடுத்துவிடுங்கள். வீடு பிரிக்கும்போது இன்ன தேதியில், இன்னார் முன்னிலையில், தாத்தாவின் பெட்டியில் கிடைத்தது. துப்பாக்கியும் தோட்டாவும் இல்லை. தாத்தா இன்ன வருஷம் ராணுவத்தில் இருந்தார் என்று ஒரு மனு. இரண்டு நகல். மேகசின் கிடந்த இடத்தின் படம். காவல் நிலையத்துக்குத் தனியாகப் போகாமல் ஒரு வக்கீலோடு போய் ஒப்படைத்து, ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். அருங்காட்சியகத்தில் வைக்க விரும்புகிறோம் என்று மனுவிலேயே ஒரு வரி சேர்க்கலாம்.

இதைப் படிக்கிற வேறு யார் வீட்டிலாவது மேகசினுக்குள் தோட்டா இருந்தால் தொடவே வேண்டாம். இருந்த இடத்தில் விட்டுவிட்டுக் கூப்பிடுங்கள். பழைய தோட்டா எப்படி நடந்துகொள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பை, மெடல், கோட்டு, சம்பளப் புத்தகம் இவற்றுக்கு இந்தச் சட்டம் குறுக்கே வராது. தாராளமாகச் சேருங்கள்.

நாங்குநேரி டு டெக்சாஸ்

நான் இங்கே சட்டப்படி 1911 மேகசின்கள் சேர்க்கிறேன், இப்போதைக்கு முப்பதுக்கு மேல் இருக்கும். ஆர்மரர் அண்ணாச்சி எழுதியது அத்தனையும் சரி. சேர்க்க ஆசைப்படும் தம்பிக்காக இரண்டு விஷயம்.

முதல் உலகப் போர் காலத்து மேகசின் இரண்டு நிறமாக இருக்கும். மேல் பாதி வெளிறிய சாம்பல், கீழ்ப் பாதி நீலம். தோட்டாவைப் பிடிக்கிற மேல் உதடுகள் வளையாமல் இருக்க மேல் பாகத்தை மட்டும் உருகிய உப்பில் முக்கிக் கடினமாக்கினார்கள், அதனால் அங்கே நீலம் நிற்கவில்லை. இரண்டு நிறமும் சேருகிற இடம் ஒரிஜினலில் மழைமேகம் மாதிரி கலங்கி இருக்கும். கோடு கிழித்த மாதிரி நேராக இருந்தால் பிற்காலத்தில் யாரோ ஏமாற்றச் செய்தது. ஆரம்ப வருஷங்களில் அடியில் ஒரு கம்பி வளையமும் உண்டு. குதிரைப்படைக்காரன் ஓடுகிற குதிரையில் மேகசின் மாற்றும்போது கீழே விழாமல் இருக்க அதில் கயிறு கட்டுவார்கள். 1916 வாக்கில் நிறுத்திவிட்டார்கள். வளையம் உள்ளதற்கு இங்கே ஏக மவுசு, அதனால் சாதா அடியில் வளையத்தைப் பற்றவைத்து விற்கிறவர்களும் உண்டு. நான் வாங்கிய முதல் வளையமே அப்படிப்பட்டது. பற்றவைத்த தடத்தை வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்த பிறகுதான் பார்த்தேன். அதிலிருந்து லென்ஸ் இல்லாமல் சந்தைக்குப் போவதில்லை.

முழுக்கக் கருநீலமாக, நுனியில் ஓர் எழுத்தோடு இருந்தால் இரண்டாம் உலகப் போர் காலம். அடித்தகட்டில் நீளமாக எண் வரிசை குத்தியிருந்தால் போருக்குப் பிந்தியது.

தம்பி, அந்தப் பையை விட்டுவிடாதீர்கள். இரண்டு அறை, மூடியில் பித்தளைப் பொத்தான் என்றால் அது 1923 மாதிரிப் பை. ஒரு சிப்பாய்க்கு மூன்று மேகசின்: ஒன்று துப்பாக்கியில், இரண்டு இந்தப் பையில். உள்பக்கம் மூடிக்குக் கீழே செய்த கம்பெனி பெயரும் வருஷமும் மையில் அச்சடித்திருப்பார்கள். பாருங்கள்.

டவுண் பழம்பொருள்

ஆர்மரர் அண்ணாச்சி, நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். உங்கள் பதிலைப் படித்துவிட்டு, கடையில் பழைய இரும்புக் கட்டில் ஒன்றுக்குச் சாயம் சுரண்டிக்கொண்டிருந்த பையனை நிறுத்தச் சொன்னேன். அதிலும் காலில் ஏதோ எழுத்து இருக்கிறது. படி எடுத்துப் பார்க்கிறேன்.

களக்காட்டுப் பேரன்

அண்ணாச்சி, எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

பட்டர் பேப்பர் நம் ஊர் மிட்டாய்க்கடையிலேயே கிடைத்தது. ஆறு படி எடுத்தேன். முதல் இரண்டில் வெறும் புள்ளிகள். மூன்றாவதை வேறு திசையில் இழுத்தேன், ஒரு நேர்கோடு தெரிந்தது. ஐந்தாவதில் அந்தக் கோட்டின் அடியிலிருந்து வலது பக்கமாக இன்னொரு சின்னக் கோடு. எல் எழுத்து. ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் அந்தக் கோடு தாளில் எழும்பி வந்ததும் தாத்தா பெயரைச் சொல்லி என்னமோ முனகினாள். ஜப்பான் இல்லை, அமெரிக்கா என்று சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பிரிஞ்சு போறப்ப ஒரு கறுப்பன் குடுத்தான்னு சொன்னது அந்தப் பையைத்தானா?" என்று கேட்டாள். இந்தக் கதையை இவ்வளவு நாள் அவள் யாரிடமும் சொன்னதில்லை. தாத்தா ஒரு பையைப் பற்றிச் சொன்னது ஞாபகம் இருந்திருக்கிறது, எந்தப் பை என்று தெரியாமல் இருந்திருக்கிறது.

பையின் உள்பக்கம் மங்கலாக அச்சு இருக்கிறது. வருஷம் 1942 தெளிவாகத் தெரிகிறது. மேலே கம்பெனி பெயர் அழிந்துபோய் இரண்டு மூன்று எழுத்துதான் மிச்சம். ஆச்சி சோப்புப் போட்டு நீலம் முக்கித் தருகிறேன் என்றாள், நல்லவேளை தடுத்துவிட்டேன்.

வக்கீல் அண்ணன் சொன்ன மாதிரியே மனு எழுதி, நேற்று ஒப்படைத்துவிட்டோம். ரசீது கையில் இருக்கிறது. கொடுக்கும்போது மனசு கனத்துத்தான் போனது. ஐந்தாவது படியை மட்டும் தாத்தா மெடலோடு சட்டம் போட்டு மாட்டப் போகிறேன்.

வள்ளியூர் ஆர்மரர்

தம்பி, எல் என்றால் எம்.எஸ். லிட்டில், கனெக்டிகட் மாநிலத்தில் ஹார்ட்ஃபோர்ட் ஊர். கோல்ட் கம்பெனி இருந்ததும் அதே ஊர். என் நாலு நோட்டில் எஸ் இருக்கிறது, ஆர் இருக்கிறது, ஜி ஒன்று இருக்கிறது. எல் கிடையாது. 24 வருஷத்தில் என் கைக்கு வரவில்லை.

அந்த ஆறில் மூன்றாவதையும் ஐந்தாவதையும் சட்டத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சம் நாலில் ஒன்றை எனக்குத் தபாலில் அனுப்ப முடியுமா? மடிக்காமல், இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து அனுப்புங்கள். பின்பக்கம் தாத்தா பெயர், சேர்ந்த வருஷம், லெடோ, எடுத்த தேதி எழுதுங்கள். ஆச்சி சொன்ன அந்த ஒரு வரியையும் அவள் சொன்ன மாதிரியே எழுதுங்கள், திருத்தாமல்.

பையைச் சுருட்டி வைக்காதீர்கள். உள்ளே வெள்ளைப் பருத்தித் துணி திணித்து, பொத்தானைப் பூட்டாமல், வெயில் படாத இடத்தில் படுக்க வையுங்கள். அந்தக் கம்பெனி அச்சைச் சாய்வான வெளிச்சத்தில் போனில் படம் எடுத்து இங்கே போடுங்கள். டெக்சாஸ் தம்பியும் நானும் பார்க்கிறோம். இரண்டு எழுத்து மிச்சம் இருந்தாலும் போதும்.